நிலாக் கோட்டையும் மூன்று சூரியனும்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா அக்கம்பக்கம் பூராவும் காட்டிவிட்டாள். கனடாவில் சஸ்கட்டூனில் மூன்று சூரியன் உதிக்கிறதாம் என்று தெருவே பேசுகிறது.

இதில் உனக்கு என்னிடம் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. ஆறாவது படிக்கும்போது மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, நிலா ஏன் தன்னைச் சுற்றி வட்டமாகக் கோட்டை கட்டுகிறது என்று கேட்டாய். தூக்கக் கலக்கத்தில், "வானவில் மாதிரிதான், மழைத்துளி" என்று சொல்லிவிட்டேன். அறிவியல் வாத்தியார் சொல்கிற பதிலா அது!

அது துளி இல்லை, பனிக்கட்டி. நம்மூர் வேக்காட்டிலும் ஏழெட்டு கிலோமீட்டர் மேலே போனால் உறைகுளிர்தான். அங்கே மல்வேட்டி விரித்தாற்போல் படரும் மேகத்தில், பென்சில் துண்டு போல ஆறு பட்டை வைத்த பனித்துகள்கள் கிடக்கின்றன. ஒரு பட்டையில் நுழைந்து, ஒன்று விட்டு அடுத்ததில் வெளியேறும் ஒளி குறைந்தது 22 டிகிரியாவது திரும்பியாக வேண்டும். அதனால்தான் வட்டத்துக்கு உள்ளே இருட்டு, உள்விளிம்பில் லேசான சிவப்பு. வானவில்லில் சிவப்பு வெளிப்பக்கம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் அது தெரியும்.

உன் ஊர்க் குளிரில் அந்தத் துகள் தரைக்கே வந்துவிடுகிறது. தட்டையானவை தாம்பாளம் போல் படுத்தவாக்கில் இறங்கும்போது, ஒளி இடமும் வலமும் மட்டும் குவிகிறது. உன் மற்ற இரண்டு சூரியன் அவைதான். அடுத்த முறை ஏதாவது கட்டட மூலையில் சூரியனை மறைத்துக்கொண்டு கையை நீட்டி விரல்களை விரி. கட்டைவிரல் சூரியன் பக்கம் என்றால், சுண்டுவிரல் நுனியை ஒட்டிப் பொய்ச்சூரியன் நிற்கும்.

2021 மே 24 அன்று பெங்களூரில் பட்டப்பகலில் இப்படி வட்டம் கட்டியதும் ஊரே போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்தது, ஞாபகம் இருக்கிறதா?

அப்பாயி சொல்வாளே, "எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" என்று. பாதி சரி. எட்ட வட்டம் கட்டுவது இந்தப் பனிமேகம். மழைச்சின்னத்துக்கு முன்னால் பல தடவை அதுதான் வந்து எட்டிப்பார்க்கும். நிலாவை ஒட்டித் தெரியும் சின்ன வட்டம் வேறு சங்கதி, அதுதான் துளியின் வேலை.

நேற்று ராத்திரி இங்கேயும் எட்ட வட்டம். களத்தில் நெல் காய்கிறதே என்று அம்மா தார்ப்பாயோடு ஓடினாள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அந்தப் 'பாதி'யைப் பற்றி அவளிடம் நான் வாயே திறக்கவில்லை.

அன்புடன்,
அப்பா