வளர்ப்பு ஆமையை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நாய்க்கோ பூனைக்கோ தீராத நோய் வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் வழியனுப்பலாம் என்பது வளர்ப்பவர்கள் பலருக்கும் தெரியும். ஆமை, பாம்பு, கெக்கோ பல்லி, பியர்டட் டிராகன் என்ற ஓணான் வளர்ப்பவர்களுக்கு அந்த நிலை வரும்போது சரியாகச் சொல்லித்தர ஆளில்லை. "ஃப்ரீசரில் வைத்துவிடு, தூங்குகிற மாதிரியே போய்விடும்" என்ற யோசனைதான் முதலில் காதில் விழுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஊர்வனவற்றின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர ஆரம்பித்ததும் அவை மரத்துப்போய்க் கிடக்கும். ஆனால் அசையவில்லை என்பதால் வலி தெரியவில்லை என்று ஆகிவிடாது. உணர்வு முழுதாக அடங்கும் முன்பே தோலிலும் தசையிலும் பனித்துகள்கள் உருவாகக்கூடும். அந்த நேரத்தில் வலியைக் காட்டிக்கொள்ளக்கூட அந்த உயிரால் முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட கருணைக்கொலை வழிகாட்டு நெறிகள், திரவ நைட்ரஜனில் இட்டதும் உறைந்துவிடும் 4 கிராமுக்கும் குறைந்த சின்னஞ்சிறு உயிர்களுக்கு மட்டுமே உறையவைத்தலை அனுமதிக்கின்றன. வீட்டு ஃப்ரீசரும் அதுவும் ஒன்றல்ல. தலையை வெட்டுவது மட்டும் போதாது. ஆக்சிஜன் குறைவை நெடுநேரம் தாங்கும் மூளை அவற்றுக்கு. வெட்டிய பிறகும் தலையில் உணர்வு மிஞ்சியிருக்கக்கூடும். கரியமில வாயுவும் பயன்படாது, ஆமை மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும்.

"தானாகப் போகட்டும்" என்று விட்டுவிடுவதும் கருணை அல்ல. மெதுவாக இயங்கும் உடல் மெதுவாகத்தான் சாகும். சிறுநீரகம் கெட்டு மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்த ஒரு இகுவானா (பெரிய ஓணான் வகை) வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஏரியிலோ குளத்திலோ விடுவது அதைவிட மோசம். நோயுற்ற பிராணி அங்கே பட்டினியில் சாகும். அதன் நோய் அங்குள்ள உயிர்களுக்கும் தொற்றும்.

அதே சமயம் முடிவெடுக்க அவசரப்படவும் வேண்டாம். சாகக் கிடப்பதாகத் தோன்றும் பல ஊர்வனவற்றுக்கு உண்மையில் குளிர்தான் பிரச்சினை. தொட்டிக்குள் விளக்குச் சூட்டில் அது வெயில் காயும் இடத்தை நம்பகமான வெப்பமானியால் அளந்து பாருங்கள். பியர்டட் டிராகனுக்கு அங்கே 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வேண்டும். செங்காது ஆமைக்கு 30 முதல் 35, அதன் தண்ணீர் 24 முதல் 28. இதற்குக் கீழே போனால் பசி எடுக்காது, தின்றது செரிக்காது, கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கும் சரியாக வேலை செய்யாது. புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் 6 முதல் 12 மாதத்தில் அதன் வீரியம் இறங்கிவிடும். எலும்பு மெலிவு, மூச்சுத் தொற்று, முட்டை அடைப்பு ஆகியவை பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சீக்கிரம் கவனித்தால் குணமாகக்கூடியவை. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்து, இனி மருந்து கேட்காது என்று சொன்ன பிறகே அடுத்த கட்டம்.

அந்த இடைவெளியில் வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை வாராவாரம் இறங்குகிறதா, வெயில் காயும் இடத்துக்குத் தானே ஏறிப் போகிறதா, கவிழ்த்துப் போட்டால் நிமிர்கிறதா, கண் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊர்வன முனகாது, அழாது. இவைதாம் அவற்றின் பேச்சு. இவற்றில் பெரும்பாலானவை மோசமாகி, தேறும் அறிகுறியும் இல்லையென்றால் நாளைக் கடத்தாதீர்கள்.

கடைசி நாள்களில் படுக்கைக்கு மண்ணோ மரத்தூளோ வேண்டாம், வெறும் காகிதம் போதும். ஏறும் கட்டைகளைத் தாழ்த்திவிடுங்கள். நீர்வாழ் ஆமைக்குத் தண்ணீரின் ஆழம் ஓட்டின் உயரத்தைத் தாண்டக் கூடாது. நீந்தாமலே கழுத்தை நீட்டி மூச்சு வாங்க முடிய வேண்டும். வாயைப் பிளந்து உணவு திணிக்காதீர்கள். மெலோக்சிகாம், டிரமடால் போன்ற வலி மருந்துகளை மருத்துவர் அளவு சொல்லித்தான் தர வேண்டும். நமக்கு வாங்கிவைத்த மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. அடிக்கடி தூக்கி மடியில் வைத்துக்கொள்ள மனம் தவிக்கும். அதற்கோ ஒதுங்கிக் கிடக்க ஓர் இருட்டு மூலை கிடைப்பதுதான் நிம்மதி.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதும் கதகதப்பு குறையக் கூடாது. உடல் குளிர்ந்திருந்தால் மருந்து பரவ நேரம் பிடிக்கும். காற்றோட்டமுள்ள பெட்டியில், துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு ஓரமாக வையுங்கள். ஆமையைத் தண்ணீர்த் தொட்டியோடு தூக்கிச் செல்லாமல் ஈரத்துணியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

அங்கே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "மயக்க மருந்து முதலில் போடுவீர்களா?" உயிரை முடிக்கப் போடும் பென்டோபார்பிட்டால் ஊசி கடும் காரத்தன்மை கொண்டது, ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் எரியும். ஆகவே மயக்கம் முதலில், அது முழுதாகப் பிடித்ததைக் கால்விரலைக் கிள்ளிச் சரிபார்த்த பிறகே இரண்டாவது ஊசி. இதயத்தில் நேராகப் போடுவதும் ஆழ்ந்த மயக்கத்தில் மட்டுமே.

இதன் பிறகு வருவதுதான் பலரையும் நிலைகுலைய வைக்கிறது. மூளை அடங்கிவிட்ட பிறகும் ஆமையின் இதயம் மணிக்கணக்கில் துடிக்கும். கால் இழுக்கும், வாய் திறந்து மூடும். உயிர் திரும்புவதாக நினைத்துப் பதற வேண்டாம். ஆனால் மூச்சு நின்றதைப் பார்த்து மட்டும் போய்விட்டதாக முடிவுகட்டவும் கூடாது. ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்து இதயம் நின்றதை உறுதிசெய்வார்கள். உணர்வற்ற நிலையிலேயே மெல்லிய கம்பியால் மூளையைச் சிதைத்து முடிவை உறுதியாக்குவதும் வழக்கம். அதைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அவசரமில்லையென்றால் உடலை இரவு முழுவதும் அங்கேயே வைத்திருக்கச் சொல்லலாம். உடல் விறைத்துப்போவது நம்பத்தக்க அடையாளம். குளிரில் ஒடுங்கிக் கிடந்த ஆமையைச் செத்ததாக எண்ணி உயிரோடு புதைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வீட்டில் தானாக இறந்ததாகத் தோன்றினாலும் கதகதப்பான இடத்தில் ஒருநாள் வைத்துப் பார்த்த பிறகே மண்ணைத் தோண்டுங்கள்.

ஊசி மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். நாயோ பருந்தோ தின்றால் அதுவும் மயங்கி விழும், சாகவும் கூடும். எரிப்பதே நல்லது, புதைப்பதானால் குறைந்தது மூன்றடி ஆழம், நீர்நிலையை விட்டுத் தள்ளி. சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

வீட்டில் வேறு ஊர்வன இருந்தால் உடற்கூறு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். அதற்கு உடலை உறையவைக்காமல் 4 டிகிரியளவில், உணவு வைக்காத குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். உறைந்தால் திசு சிதைந்து நுண்ணோக்கியில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. முடிவு வரும்வரை அந்தத் தொட்டியில் புதிதாக எதையும் விடாதீர்கள். வால் மெலிந்து செத்த கெக்கோவுக்கு கிரிப்டோஸ்போரிடியம் என்று தெரியவந்தால், பிளீச்சிங் திரவத்துக்கு அந்த ஒட்டுண்ணி சாகாது. மரக்கட்டை, கார்க் பட்டை, படுக்கைக் காகிதம் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊர்வன வளர்க்கும் வாசகர்கள்