வரி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சூளையில் சுட்டு, ஒரு பக்கத்தில் மேடு பள்ளமாக வரிகள் பதித்து எடுக்கும் வரிக்கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க வந்தால், இனிமேல் அளவு எடுப்பதற்கு முன்பே மூன்று விஷயங்கள் கேட்போம். வரி உள்ள பக்கம் யாரைப் பார்த்து இருக்க வேண்டும்? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அந்த இடத்தில் தண்ணீர் படுமா? ஏன் இவ்வளவு விசாரிக்கிறோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதல் கேள்வியை நாங்கள் ஒரு தவறிலிருந்து கற்றோம். வாசலுக்குப் பெயர்ப்பலகை கேட்டு ஒருவர் வந்திருந்தார். எழுத்துகளை வெட்டி அடுக்கி, மேலே கண்ணாடியை வைத்துச் சுட்டோம். வழவழப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் பெயர் நேராக, அழகாக இருந்தது. அவருக்கோ எழுத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், அந்தப் பக்கம்தான் வெளியே தெரிய வேண்டும். திருப்பிப் பிடித்ததும் பெயர் இடம் வலமாகிவிட்டது. நாங்கள் கேட்காமல் விட்டதுதான் தவறு. வேறு கண்ணாடி எடுத்து முதலிலிருந்து செய்து கொடுத்தோம்.

இப்படி ஆவதற்குக் காரணம், வரி கண்ணாடியின் அடிப்பக்கத்தில் விழுவதுதான். சூளைத் தட்டின் மேல் வடிவத்தை முதலில் பரப்புகிறோம். பெரும்பாலும் 3 மி.மீ. தடிமனுள்ள, சூளைச் சூட்டைத் தாங்கும் நார்த்தாளான செராமிக் ஃபைபர் பேப்பரைக் கத்தியால் வெட்டி அடுக்குவோம். அதன் மேல் கண்ணாடியைப் படுக்க வைப்போம். சூடு ஏறியதும் கண்ணாடி இளகி, தன் எடையாலேயே பேப்பரின் மேல் சாய்ந்து, இடுக்குகளில் இறங்குகிறது. யாரும் அழுத்துவதில்லை. பேப்பர் இருந்த இடம் பள்ளமாகவும் இல்லாத இடம் மேடாகவும் பதிகிறது. மேல்பக்கம் மெல்ல அலையடித்தாற்போல், பளபளப்பு கெடாமல் இருக்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது பொடிப் படுக்கை முறை. பிளாஸ்டர் பொடியை முதலில் சூளையிலேயே காயவைத்து ஈரத்தைப் போக்கிவிடுவோம். ஈரம் மிச்சமிருந்தால் ஆவி கிளம்பிக் கண்ணாடிக்குள் கொப்புளம் கட்டும். பிறகு தட்டின் மேல் சல்லடையால் சலித்து, நேரான மரச்சட்டத்தை இழுத்துச் சமப்படுத்துவோம். அப்புறம் விரல், சீப்பு, குச்சி, எது கையில் சரியாக வருகிறதோ அதால் கோடு இழுப்போம். ஒரு தும்மல் போதும், அரை மணி நேர வேலை கலைந்துவிடும். முகமூடி போட்டுக்கொள்வது நுரையீரலுக்காக என்றாலும் கோட்டையும் அது காப்பாற்றுகிறது. சூளையிலிருந்து வரும்போது வரிகளின் முனை மழுங்கி, மணலில் அலை விட்டுப் போன தடம் மாதிரி இருக்கும். ஒரு படுக்கை ஒரு முறைதான் உதவும். அதனால் பொடி முறையில் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி கேட்காதீர்கள். நெருக்கமாக வரும், அச்சாக வராது. அச்சாக வேண்டுமென்றால் ஃபைபர் பேப்பரில் செய்யலாம்.

மாதிரித் துண்டில் பார்த்த ஆழம் தங்கள் கண்ணாடியில் இல்லை என்று சிலர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஜன்னலுக்குப் போடும் ஃப்ளோட் கண்ணாடி சுமார் 800 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் வரியை நன்றாக வாங்கிக்கொள்கிறது. சூடு சற்றுக் குறைந்தால் வடிவத்தின் நிழல் மட்டும் விழும். கூடினால் ஓரங்கள் உருண்டு, அளவு மாறி, பேப்பரின் நார்கள்கூடக் கண்ணாடியில் பதிந்துவிடும். உச்ச வெப்பத்தில் நிறுத்தும் பத்து நிமிடத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ முகமே மாறும். கண்ணாடியின் தடிமனும் கணக்கில் சேரும். அதனால்தான் உங்கள் கண்ணாடியின் தடிமனிலேயே ஒரு சிறு துண்டைச் சுட்டுக் காட்டிய பிறகே பெரியதைச் சூளையில் வைக்கிறோம். அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போய், கண்ணாடி வரப்போகும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மெல்லிய வரிகூட எழுந்து நிற்கும். நேர் எதிரே விளக்கு இருந்தால் ஆழமான வரியும் தட்டையாகிவிடும். கடையில் பார்த்து முடிவு செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

தண்ணீர் விஷயத்தைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. வரி கண்ணுக்குத் தெரிவதே, கண்ணாடியும் காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால்தான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, தண்ணீருடையது 1.33. பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தால் அந்த வித்தியாசம் குறைந்து, வரி பாதி மறைந்துவிடும். மறைப்புக்காகக் குளியலறையில் போட்ட கண்ணாடி குளிக்கும் நேரத்திலேயே தெளிந்துவிட்டால் என்ன பிரயோஜனம்? அங்கே வரிப்பக்கம் வெளியே இருக்கட்டும், நீர் படும் பக்கம் வழவழப்பாக இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் போடுவதற்கும் இதே யோசனைதான். பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் வைத்துத்தான் எடுக்க வேண்டும். கம்பி நார் வேண்டாம்.

நாள் ஆவது ஏன் என்றும் கேட்கிறீர்கள். வரி விழுவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான், ஆறவிடுவதுதான் நீளம். ஃப்ளோட் கண்ணாடியைச் சுமார் 550 டிகிரியில் நிறுத்தி, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மெதுவாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இழுவிசை தங்கி, வீட்டில் மாட்டிச் சில வாரம் கழித்துக்கூட யாரும் தொடாமலே விரிசல் விடலாம். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வரிக்கண்ணாடியில் மேடும் பள்ளமும் இருப்பதால் நாங்கள் மேட்டின் தடிமனையே கணக்கில் எடுத்து, அதற்கும் மேலே கொஞ்சம் நேரம் விடுகிறோம். அவசரம் என்று நீங்கள் சொன்னாலும் இந்த ஒன்றில் மட்டும் நேரத்தைக் குறைக்க மாட்டோம்.

இரண்டு வேண்டுகோள்களுக்கு முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கும் டஃபன்டு (உறுதியேற்றிய) கண்ணாடியைக் கொண்டு வந்து வரி போடச் சொல்கிறீர்கள். சூளைச் சூட்டில் அதன் உறுதி போய், சாதாரணக் கண்ணாடியாகிவிடும். கதவுக்கும் தடுப்புக்கும் அது ஆபத்து. அப்படிப்பட்ட இடம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள், வரியின் ஆழத்தைக் குறைத்து, பாதுகாப்புக் கண்ணாடியாக எப்படி ஆக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். இன்னொன்று, கலைக்கண்ணாடியின் வண்ணத் தூளை ஜன்னல் கண்ணாடியில் உருக்கி ஒட்டுவது. சூட்டில் இரண்டும் விரியும் அளவு வேறு. ஆறும்போது ஒன்றையொன்று இழுத்து உடைந்துவிடும். வண்ணம் வேண்டுமென்றால் முழுவதும் ஒரே வகைக் கண்ணாடியிலேயே செய்து தருகிறோம்.

அடுத்த முறை வரும்போது, கண்ணாடி பொருத்தப்போகும் இடத்தைக் காலையில் ஒன்று, விளக்கு போட்ட பிறகு ஒன்று என்று இரண்டு படம் எடுத்து வாருங்கள். சுவரின் நிறமும் தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் கண்ணாடிப் பட்டறையினர்