அன்றாட விசாரணை எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சபைகள் ஏழைகளுக்குத் துணியும் உணவுப் பொருளும் வழங்கும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. கொடுப்பது நல்லதுதான். ஆனால் முதல் கிறிஸ்தவர்களின் ஆதிச் சபையில் இந்த வேலைக்கு இருந்த பெயர் 'அன்றாட விசாரணை', அதாவது தினமும் தேவையுள்ளவர்களைக் கவனித்து உதவுவது. வருடத்துக்கு ஒருமுறை செய்வதை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெயர் வருவது விவிலியத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில். கிரேக்க மொழி பேசிய விதவைகள் இந்த உதவியில் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. சபையை நடத்திய இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் அதை அடக்கிவிடவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கம் விடுபட்டதோ அந்தப் பக்கத்து மக்களின் கையிலேயே பொறுப்பு போனதாகத்தான் தெரிகிறது. இன்றைய உதவிக் குழுக்களில் பெரும்பாலும் காணிக்கை அதிகம் தருகிறவர்களே இருக்கிறார்கள். வாங்குகிறவர்களில் ஒருவர்கூட இல்லை. யார் விடுபட்டார் என்பது குழுவுக்குக் கடைசிவரை தெரியாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

அடுத்தது பட்டியல். கி.பி. 251 வாக்கில் ரோமாபுரிச் சபையின் ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில், அந்தச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் தாங்கியதாகக் குறிப்பு இருக்கிறது. எழுதி வைக்காமல் இந்தக் கணக்கு வராது. ஒரு சபைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆளுக்கு ஒரு பக்கம். போய்ப் பார்த்த தேதி, அவர் கேட்டது, நாம் கொடுத்தது, அடுத்து போக வேண்டிய தேதி ஆகிய நான்கையும் எழுத வேண்டும். 'கேட்டது', 'கொடுத்தது' இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தவறு அங்கேயே தெரிந்துவிடும். மூக்குக் கண்ணாடி கேட்டவருக்குப் போர்வை போயிருக்கும். நீரிழிவு உள்ளவர் வீட்டில் இனிப்புப் பொட்டலம் கிடக்கும். நான்காவதான அடுத்த தேதி காலியாகவே இருந்தால் அது விசாரணை ஆகாது. இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். ஏறக்குறைய இரண்டு நாள் கூலி அது. அதோடு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். அந்தத் 'திரும்பி வரும்போது'தான் நம்மிடம் இல்லை.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போக வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. வாசலில் நின்று அழைத்து, அவர் உள்ளே கூப்பிட்டால் மட்டும் போக வேண்டும். விவிலியத்தின் உபாகமம் 24-ஆம் அதிகாரம் கடன் கொடுத்தவனுக்கே இந்த வரம்பை வைக்கிறது: அடகுப் பொருளை வாங்க வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். கொடுக்கப் போகிறவர் வீட்டுக்குள் புகுந்து பானையைத் திறந்து பார்ப்பது எப்படி நியாயமாகும்? படம் எடுப்பதும் இதே தவறுதான். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கும்போது ஊருக்கே தெரிவிப்பானேன்? ஜெபக் கூட்டத்துக்கு வந்தால்தான் உதவி என்று நிபந்தனை வைப்பது இன்னும் மோசம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

நல்ல மனதோடு போகிறவர்களும் தவறும் இடம் உடல் சம்பந்தமானது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாமல் கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. மாவுச்சத்து திடீரென உள்ளே போனால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். சிறிது சிறிதாகக் கொடுத்தபடி உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் பக்கம் தோல் நிறம் மாறி, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. பழ வகைகளோடு பார்த்துவிட்டு வருவதைவிட, வாரம் இரண்டு நாள் அவரைக் கவனித்துக்கொண்டு, பராமரிக்கும் மகளைத் தூங்க விடுவது பெரிய உதவி. நம் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பண விஷயத்தில், ஆதிச் சபையின் அப்போஸ்தலரான பவுலின் முறையைவிடத் தெளிவானது இல்லை. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தை அவர் தனியாகச் சுமக்கவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு, சபைகள் தெரிந்தெடுத்தவரைக் கூட வைத்துக்கொண்டார். உதவிப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து திறந்து, அங்கேயே எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். அது கட்டட நிதியோடு கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் கூரை ஒழுகும் மாதத்தில் விதவையின் மருந்துக் காசு சிமெண்டுக்குப் போய்விடும்.

விதவைகளைத் தாங்குவது பற்றிப் பேசும் விவிலியத்தின் 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தைக் காட்டி, பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலரைத் தள்ளிவிடுகிறார்கள். சொந்தக் குடும்பம் முதலில் தாங்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே தாங்குகிறார்களா என்று போய்ப் பார்த்த பிறகே பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும்.

சபை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், இப்போது உதவி பெறுகிறவர்களில் இரண்டு பேரை உதவிக் குழுவில் சேர்த்து, நோட்டுப் புத்தகத்தை அவர்கள் முன் வைத்து, இதில் யார் பெயர் இல்லை என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
சபை உதவிப் பணியிலுள்ள ஒரு வாசகர்