அந்த முன்பணத்தைக் கட்டாதே மாப்ள

அன்பு மாப்ள,

நீ எழுதியதை நேற்று ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் படித்தேன். பத்தாவதில் பாப்பா 481, கணக்கில் நூற்றுக்கு நூறு என்று பார்த்ததும் எழுந்துபோய் வீட்டில் சொன்னேன், இவள் உடனே தங்கச்சிக்குப் போன் போடப் போய்விட்டாள், நேரமாகிவிட்டது காலையில் பேசிக்கொள் என்று நான்தான் நிறுத்தினேன். அரசுப் பள்ளியில், தமிழ் வழியில், ஒரு டியூஷனும் இல்லாமல் எடுத்த மார்க். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறதுடா.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விடுதியோடு கோச்சிங்கும் தருகிற அந்தத் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்க ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்பதாயிரம் கட்டச் சொல்கிறார்கள், நகையை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாதே. நகையும் பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தனி. பாப்பா ஐந்து வருஷம் முடித்துவிட்டாள், இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி. இப்போது அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஐந்து வருஷமும் கணக்கில் வராது. பணத்தைக் கட்டி அந்த உரிமையை நாமே தூக்கிக் கொடுத்துவிடுவதாக ஆகும். முன்பணம் கேட்டவர்கள் இதை உன்னிடம் சொன்னார்களா? ஒரு தடவை கேட்டுப் பார்.

இது சலுகைக் கணக்கு. இதைவிடப் பெரிய காரணம் என் பையன் பட்ட பாடு, அதை உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை.

அவன் பிளஸ் ஒன் படித்தது 2022-ல். பள்ளிக்கு முன்னால் காலை ஐந்தரைக்கு ஒரு கோச்சிங் வகுப்பு, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை முழுநாள் டெஸ்ட். எல்லாரும் சேர்த்தார்கள், நானும் சேர்த்தேன். அரையாண்டுத் தேர்வு சமயம் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது அவனுடைய இயற்பியல் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாதப் பக்கங்களில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு வரியாகக் கணக்கு போட்டிருந்தான். ஆகஸ்டில் படம் இல்லை. அக்டோபரில் கணக்கே இல்லை, கேள்வி எண்ணும் பக்கத்தில் பி, சி, ஏ, டி என்று எழுத்தும் மட்டும்தான், பக்கம் பக்கமாக அப்படியே. எப்படி விடை வந்தது என்று மறுநாள் கேட்டால், "இந்த மாடலுக்கு இந்த ஃபார்முலாப்பா" என்றான். சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றிப் போட்டு ஒரு வாரம் அதனோடு உட்கார்ந்திருந்த பையன் மாப்ள. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரியில் நிறுத்திவிட்டோம், கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. அதற்கப்புறம் அவன் பள்ளியிலிருந்த இயற்பியல் ஆசிரியர்தான் அவனை மீட்டுக் கொடுத்தார். தனி ஊசல் சோதனையை லேபில் செய்துவிட்டு வீட்டிலும் செய்து பார் என்று அனுப்பினார். வாசல் நிலையில் நூல் கட்டி, சைக்கிள் நட்டைத் தொங்கவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று என் போனில் நேரம் பார்த்துப் பார்த்து எழுதினான். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டிய இடத்தில் 9.5 வந்தது. மீதி எங்கே போனது என்று மூன்று நாள் யோசித்தான், நூலின் நீளத்தை முடிச்சிலிருந்து நட்டின் மேல்விளிம்பு வரைக்கும்தான் அளந்திருக்கிறான், அதன் நடுப்புள்ளி வரை அளக்கவில்லை. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவன் முகத்தில் பழைய களை திரும்பியது. இன்றைக்குத் திருவனந்தபுரம் ஐசரில், அதாவது மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், இரண்டாம் வருஷம் முடிக்கிறான் என்றால் அதற்கு ஆரம்பம் அந்த நட்டுதான்.

பாப்பா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு போட்டுப் போட்டுச் சேர்த்து வைக்கிறாள், கேட்டால் சும்மா பிடிக்கும் என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு வருஷத்தையும் அந்தத் தாள்களை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

கணக்கு பிடித்த பிள்ளைக்கு என்னென்ன வாசல் இருக்கிறது என்று பார். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், சிஎம்ஐ. கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இந்தியப் புள்ளியியல் கழகம், ஐஎஸ்ஐ, அங்கே பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு மே மாதம், இரண்டிலுமே ஒரு பகுதியில் விடைக்கு எப்படி வந்தோம் என்று முழுதாக எழுதிக் காட்ட வேண்டும், ஏ பி சி டி அங்கே போதாது. காலண்டர் தாளில் தானாக யோசித்துப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு ஏற்ற தேர்வு அது. அப்புறம் ஐசர், ஏழு ஊர்களில் இருக்கிறது, அதற்கு ஐஏடி என்று தனித் தேர்வு, 60 கேள்வி, கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. என்ஐடி மாதிரி மத்திய இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் தேர்வை எழுதினால் இங்கே திருச்சி என்ஐடியில் பாதி இடம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. ஐஐடி, ஐஐஎஸ்சி மாதிரி இடத்தில் கிடைத்துவிட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இளநிலைப் படிப்புச் செலவை மாநில அரசே ஏற்கும் என்று 2022 பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள்.

டாக்டர் ஆக வேண்டும் என்று தங்கச்சி ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நீட்டில் 180 கேள்வியில் 90 உயிரியல். பாப்பாவுக்கு உயிரியல் மனதாரப் பிடித்தால் மட்டும் அதைப் பேசுங்கள். அவள் பள்ளியிலேயே கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் இருப்பதால் அதை எடுக்கட்டும், ஐசருக்கு நாலு பாடமும் உதவும், ஒரு வருஷம் படித்துப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் என்று அவளே சொல்லட்டும். நீட், ஜேஇஇ இரண்டுக்கும் முழு மூச்சாகத் தயாராவது என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பிள்ளை உடைந்துவிடும்.

இன்னொன்று, பிளஸ் ஒன். 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தத் தேர்வை 2018-ல் கொண்டுவந்ததற்கே காரணம், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டியதுதான். நுழைவுத் தேர்வு எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகிறது. இயக்க விதிகள், முக்கோணவியல், வேதிப்பிணைப்பு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த வருஷம் அவள் பாடப்புத்தகத்தை ஒரு பக்கம்கூட விடாமல், பின்னாலிருக்கும் பயிற்சியோடு படிக்க வேண்டும். அவசரமில்லாமல் படிக்க அவளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே வருஷம் இது.

தமிழ் வழியில் படித்ததை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறாய். மெயினும் நீட்டும் தமிழிலேயே எழுதலாம். ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு, ஐஏடி, சிஎம்ஐ எதிலும் தமிழ் கிடையாது. அதற்காக மீடியம் மாற்ற வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நடுவில் கோடு போடச் சொல். இடது பக்கம் திசைவேகம், முடுக்கம், உந்தம், வலது பக்கம் வெலாசிட்டி, ஆக்ஸலரேஷன், மொமெண்டம். ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை. தமிழில் புரிந்துகொண்டவளுக்கு இங்கிலீஷ் பெயர் ஒட்டிக்கொள்ளும், புரியாமல் இங்கிலீஷில் மனப்பாடம் செய்கிறவர்கள்தான் திணறுகிறார்கள். என் பையனின் என்சிஇஆர்டி புத்தகங்கள், சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிறவை, அட்டைப்பெட்டியில் சும்மா கிடக்கின்றன, அதையும் தருகிறேன்.

பிளஸ் டூ மார்க்கை யாராவது அலட்சியமாகப் பேசினால் கேட்காதே. கிண்டி இன்ஜினியரிங் கல்லூரிக்கும் குரோம்பேட்டை எம்ஐடிக்கும் போகிற வழி அந்த மார்க்தான், மாநில நுழைவுத் தேர்வை 2007-லேயே எடுத்தாயிற்றே. கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, அதாவது கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று குறையும், மற்ற இரண்டிலும் அரைதான். இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30 மார்க், அதனால் லேப் நாளில் லீவு போடவே கூடாது.

தேதிகளை இப்போதே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டு. இப்போதுள்ள வழக்கப்படி பிளஸ் டூ வருஷம் ஜனவரியில் மெயின் முதல் சுற்று, பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் மெயின் மறுபடியும், அதில் எது நல்ல ஸ்கோரோ அதை எடுத்துக்கொள்வார்கள். மே, ஜூனில் மற்ற எல்லாம். அதில் நாலு தேர்வுக்கு மேல் எழுத வைக்காதே.

சான்றிதழ் விஷயத்தில் நான் செய்த தப்பை நீ செய்துவிடாதே. நம்மிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு மட்டும்தான். மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி சான்றிதழ் தனி, அதுவும் சேருகிற வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். நான் முந்தின வருஷத்தியதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டேன், கடைசி நேரத்தில் இ-சேவை மையம், விஏஓ, தாசில்தார் அலுவலகம் என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் அலைந்தேன். 2028 ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடு. பாப்பா ஆதாரில் ஒரு இனிஷியல், டிசியில் வேறு இனிஷியல் என்று இருந்தால் அதை இந்த லீவிலேயே சரி பண்ணு.

ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. 1995-ல் நீ கணக்கில் 200-க்கு 196. உனக்கு எதுவும் தெரியாது, எனக்கும் தெரியாது, அண்ணா பல்கலை விண்ணப்பம் ஒன்றைத் தவிர எதையும் நாம் பார்த்ததில்லை. கிடைத்ததில் சேர்ந்தாய். அப்போதே ஐஎஸ்ஐ இருந்ததுடா. நம் ஊரில் அந்தப் பெயரைச் சொல்ல ஒருத்தர் இல்லை. பாப்பா காலண்டர் தாளில் கணக்கு போடுகிறாள் என்று படித்தபோது சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் வைத்துக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த உன்னைத்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் குருவாயூர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், ராத்திரி சாப்பாட்டுக்குக் கோவில்பட்டியில் இருப்பேன். பையனும் லீவில் வந்திருக்கிறான், புத்தகப் பெட்டியைத் தூக்க அவனையும் கூட்டி வருகிறேன், பாப்பாவோடு அவன் பேசட்டும், நாம் சொல்வதைவிட அவன் சொன்னால் அவளுக்குப் புரியும். அதுவரை அந்தப் பள்ளியிலிருந்து போன் வந்தால் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவை. அந்தக் காலண்டர் தாள்களில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டுவிடாதே, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்ள
திருச்சி