திருவருகைக்காலச் செபநூல்: முதல் ஞாயிறுக்கு முன் உங்கள் நன்கொடை தேவை

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய ஆயத்த நாட்களே திருவருகைக்காலம். அந்நாட்களில் கோவிலுக்கு வர முடியாதவர்கள் நாள்தோறும் படிப்பதற்கான செபநூல் அச்சுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. கையில் இருப்பது தேவையான தொகையில் 58 சதவீதம்தான். மீதி 42 சதவீதம் வந்தால்தான் அச்சகத்தில் வேலை தொடங்கும். திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வந்தே தீரும். நமக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. அதற்குப் பிறகு வரும் பணத்தால் இந்த ஆண்டு ஒரு பிரதிகூட யார் கைக்கும் போய்ச் சேராது.

போன ஆண்டு மீந்த பிரதிகளைக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் மாறுகின்றன. இந்தக் காலத்தின் நீளமும் ஆண்டுக்கு ஆண்டு 22 நாளிலிருந்து 28 நாள் வரை மாறும். படுக்கையில் தனியாகக் கிடப்பவரும் கோவிலில் எல்லோரும் கேட்கிற அதே வாசகத்தை அதே நாளில் படிக்க வேண்டும். அதற்காகத்தானே இந்த நூலே!

நம் பெரியவர்கள் இதைக் கையால் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்த காலம் உண்டு. அதைச் சொல்லும்போது இன்றும் அவர்கள் முகம் மலரும். அவர்கள் தவறாமல் சொல்லும் இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற போதகர் 1833-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். கிறிஸ்து பிறப்பு எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார். இன்று உலகெங்கும் ஏற்றப்படும் திருவருகை வளையம் வசதியானவர்கள் வீட்டில் பிறந்ததல்ல. காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் இல்லாத பிள்ளைகளுக்காகப் பிறந்தது.

செலவைச் சொல்லிவிடுகிறோம். தாளும் அச்சும் 54 சதவீதம். பெரிய எழுத்துப் பதிப்புக்கும் தையலுக்கும் 19. பார்வையற்றோருக்கான பிரெயில் பிரதிகள், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு 16. அனுப்பும் செலவு 11. குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை. தையலுக்கு ஏன் தனிச் செலவு என்று கேட்கலாம். பல சிறைகளுக்குள் கம்பி வைத்த புத்தகத்தை அனுமதிப்பதில்லை. நூலால் தைத்தால்தான் உள்ளே போகும். 1943 நவம்பரில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில், நாஜி அரசு சிறையில் அடைத்திருந்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிஹ் போன்ஹோஃபர், வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய கதவுள்ள சிறை அறையைத் திருவருகைக்காலத்துக்கு ஒப்பிட்டார். அப்படிப்பட்ட அறைகளில் இருப்பவர்களுக்கும் இந்த நூல் போகிறது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஆண்டுதோறும் தாளுக்கான பணத்தைப் பெயர் போடாத உறையில் வைத்துவிட்டுப் போகும் அன்பருக்கு நன்றி. கண் வலியோடு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும் ஆசிரியருக்கு நன்றி. தேர்வுகளுக்கு நடுவிலும் இரவில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்த இளைஞர்களுக்கு நன்றி. போன ஆண்டு ஒரு மகள் தன் தாயின் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். படித்து முடித்த ஒவ்வொரு நாளின் ஓரத்திலும் அந்த அம்மா பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோடுகள் டிசம்பர் 11-உடன் நின்றிருந்தன. மகள் அந்த நூலைத் தன்னோடு வைத்துக்கொண்டு, வேறு பத்துப் பேருக்கான பிரதிகளின் செலவைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆண்டவர் அவரை ஆசீர்வதிப்பாராக.

இனி ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. விழா அலங்கார நிதி எப்போதோ நிரம்பிவிட்டது. சந்தோஷம். ஆனால் குடில் ஜோடிக்கத் தாராளமாகத் திறந்த கை, அந்தக் குடிலைப் பார்க்க எழுந்து வர முடியாதவர் என்றால் மட்டும் ஏன் தயங்குகிறது? தருவதாகப் போன ஆண்டு வாக்குக் கொடுத்து இன்னும் தராதவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டோம், அவர்களுக்கே தெரியும். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்டபோது திருமுழுக்கு யோவான் நீட்டி முழக்கவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்றார். ஆண்டவருடைய வழியை ஆயத்தம் செய்யச் சொன்னவரே இப்படிச் சொன்னபோது, கொடுக்காமல் ஆயத்தமாகிவிடலாம் என்று நாம் நினைப்பது சரியா?

இயேசு சொன்ன பத்துக் கன்னியர் உவமையில், மணமகன் வருகிறார் என்ற சத்தம் கேட்ட பிறகு எண்ணெய் வாங்க ஓடியவர்களுக்குக் கதவு அடைபட்டதை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். ஆகையால் விழாவோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சிறு தொகையானாலும் இந்த வாரமே குழுவினரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படுக்கையில் இருப்பவர், பார்வை குறைந்தவர் யாராவது இருந்தால் அவர்கள் பெயரையும் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் எதுவும் தர வேண்டியதில்லை.

இறைவேண்டலுடன்,
திருவருகைக்காலச் செபநூல் குழுவினர்