லெஸ்ரரிலிருந்து தம்பிக்கு

லெஸ்ரர்
22.05.2016

அன்புள்ள தம்பிக்கு,

உன்ர கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகுது. பதில் போடேல்லை எண்டு அம்மா குறைப்பட்டதாகப் பெரியக்கா சொன்னா. வேலை அப்பிடி, கோபிக்காதே.

ஓடுற வேகம் போதாதெண்டு மாஸ்ரர் உன்னை உதைபந்தாட்ட அணியின்ர பின்களத்தில இருந்து தூக்கப்போறார் எண்டு எழுதியிருந்தாய். அவருக்கும் இதைக் காட்டு. போன திங்கள் இஞ்ச எங்கட லெஸ்ரர் கழகம் இங்கிலாந்தின்ர பிரீமியர் லீக் சம்பியன் கோப்பையோட ஊர்வலம் போச்சுது. அதின்ர நடுப் பின்களத்தில நிண்ட ஜேர்மன்காரர் றொபேர்ட் ஹூத்தும் ஓட்டத்துக்குப் பேர்போனவர் இல்லை.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி முந்தி எழுதினனான் எல்லே, நான் மூண்டு சுவெற்றரோட நடுங்கேக்க அரைக்காற்சட்டையோட குப்பை போட வாறவர். அவர் மதிலில நாலு பால் போத்தலை வரிசையா வைச்சுத்தான், ஓட்டம் இல்லாத ஆள் எப்பிடிச் சமாளிச்சார் எண்டு எனக்கு விளங்கப்படுத்தினார். முதல் 9 ஆட்டத்தில லெஸ்ரர் வாங்கினது 17 கோல். ஆர்சனலிட்ட மட்டும் அஞ்சு. கரைப் பின்களக்காரர் ரெண்டு பேரும் முன்னுக்கு ஓட, நடுவில ஹூத்தும் மோர்கனும் பெரிய வெளியோட தனிச்சு நிண்டினம். அந்த ஆர்சனல் ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியாளர் ரனியேரி சிம்ப்சனையும் ஃபுக்ஸையும் கரையில போட்டார். கிழவர் நாலு போத்தலையும் ஒண்டோடொண்டு முட்டக் கிட்ட வைச்சுக் காட்டினார். நாலு பேரும் பெனால்டிப் பெட்டி அகலத்துக்குள்ள ஒடுங்கி, பின்வாங்கி நிக்க, முதுகுக்குப் பின்னால ஓடுறதுக்கு எதிரணிக்கு இடமே இல்லை. வெளியால கொண்டுபோய் உயரப் பந்துதான் அடிக்கவேணும். அது ஆறடி மூண்டு அங்குல ஆளின்ர தலைக்கு வந்த பந்து. மிச்சம் 29 ஆட்டத்தில வாங்கினது 19 கோல்தான்.

அதால நீ பந்தைப் பறிக்க முன்னுக்குப் பாயாதே. பாய்ஞ்சு தவறினால் திரும்பி ஓட உன்ர கால் காணாது. அரைவாசி திரும்பி நில்: பந்தும் தெரியவேணும், உன்ர ஆளும் தெரியவேணும். கோர்னருக்குப் போனால் கோலடியில நிண்டு காத்திராதே, தள்ளி நிண்டு பந்து கிளம்பின பிறகு ஓடிவந்து முட்டு. ஜனவரியில ரொட்டன்ஹாமில 83ஆம் நிமிடத்தில ஹூத் தலையால அடிச்ச ஒரே கோலில வெண்டது. பெப்ரவரியில மன்செஸ்ரர் சிற்றிக்கு எதிரா அவர் மட்டும் ரெண்டு.

பொறுமையும் வேணும். ஹூத் கிழக்கு பெர்லின்ல பிறந்து, 16 வயசில இங்கிலாந்தின்ர செல்சிக் கழகத்துக்கு வந்தவர். ஜேர்மனியின்ர முதற்தர லீக்கில ஒரு ஆட்டமும் ஆடாமலே 2006 உலகக் கிண்ணத்தில ஜேர்மனிக்கு ஆடினவர். செல்சியில ரெண்டு பட்டம், ஆனால் கனநாள் வாங்கிலதான். பிறகு போன மிடில்ஸ்ப்ரோக் கழகத்தில கணுக்கால் படுத்தினது. அடுத்த கழகம் ஸ்ரோக் சிற்றியில ஊண்டினார். 2015 பெப்ரவரியில இஞ்ச இரவல் ஆட்டக்காரரா வரேக்க லெஸ்ரர் லீக்கில கடைசி இடம்!

ஒண்டு மட்டும் அவரிட்டப் பழகாதே. மே 1ஆம் திகதி பெனால்டிப் பெட்டிக்குள்ள மன்செஸ்ரர் யுனைற்றட் ஆட்டக்காரர் ஃபெலேனியின்ர தலைமயிரைப் பிடிச்சு இழுத்து மூண்டு ஆட்டத் தடை வாங்கினார். கோப்பை குடுத்த ஆட்டத்திலயும் இல்லை, பழைய செல்சிக்கு எதிரான கடைசி ஆட்டத்திலயும் இல்லை. எனக்கு இப்பவும் எரிச்சல்.

ஊர்வலத்தில சனம் கத்தேக்க எனக்கு எங்கட மணல் மைதானம்தான் கண்ணுக்குள்ள வந்தது. அந்தப் பனங்கம்பு கோல் இன்னும் சரிஞ்சுதான் நிக்குதோ? இடப்பக்கக் கம்பில கத்தியால என்ர பேர் வெட்டினனான், இருக்கோ எண்டு பார்த்து எழுது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை எண்டு அம்மாவுக்குச் சொல்லு. பெல்கிரேவ் றோட்டில குஜராத்திக் கடைகளில வெண்டிக்காயும் முருங்கைக்காயும் கிடைக்கும். விலை கேட்டால் சொல்லாதே. இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், பாங்கில ஏதோ சுணக்கம். அம்மாவின்ர கண் ஒப்பரேசனைத் தள்ளிப்போடவேண்டாம், பெரியக்காவின்ர சீட்டுக் காசை முதல் எடுங்கோ, நான் ஆடிக்குள்ள அனுப்பிறன்.

கிணத்து மோட்டரை மாமாவிட்டக் குடுக்காதே, போன முறை வயர் எரிஞ்சது. சித்தப்பா காணி உறுதி கேட்டால் போட்டோப் பிரதி மட்டும் குடு, மூலம் அம்மாவின்ர றங்குப்பெட்டியிலயே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணா