நாலு பேர் கை படாமல் நிறம் மாறக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறம் மாறும் கார்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை எங்கள் பட்டறையில் எல்லோருமே படித்தோம். நான் கோவையில் 27 ஆண்டுகளாகக் கார் பெயிண்டர். பையன்களுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2022 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டிய கார் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறியது. அடுத்த ஆண்டே 32 நிறம் காட்டும் இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். இது நாங்கள் அடிக்கும் பெயிண்ட் இல்லை. மின்புத்தகத் திரையில் இருக்கும் அதே இ-இங்க் ஃபிலிமை வண்டியின் உடம்புக்கேற்ப வெட்டி ஒட்டுகிறார்கள். அதற்குள் லட்சக்கணக்கான குமிழிகள், ஒவ்வொன்றும் முடியின் தடிமன்தான். கரன்ட் கொடுத்தால் குமிழிக்குள் இருக்கும் வெள்ளைத் துகளோ கறுப்புத் துகளோ மேலே வந்து நிற்கும். மாறும்போது மட்டும்தான் கரன்ட் வேண்டும். மாறிய பிறகு அப்படியே நிற்கும். இரண்டுமே கண்காட்சி வண்டிகள்தான். ஆனாலும் என்றாவது ஒருநாள் ஷோரூமுக்கு வரும். எப்போது, எப்படி நிறம் மாறலாம் என்று அதற்கு முன்பே நாம் முடிவெடுத்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்க வந்தபோதே பட்டறை வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது. இடது ஹெட்லைட் உடைந்து, பானெட் மூலை உள்ளே போயிருந்தது. வந்தவர் அந்த அடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "முழு வண்டியும் வெள்ளை அடிச்சுக் குடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வேணுங்க. எவ்வளவு ஆனாலும் பரவால்லை" என்றார். குனிந்து பார்த்தேன். பம்பர் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. கீறல் இல்லை, வேறொரு வண்டியின் பெயிண்ட் உரசி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாகக் கையில் வந்தது.

"ஆர்.சி. புக்கைக் குடுங்க, ஆர்.டி.ஓ.கிட்டச் சொல்லிட்டு அடிக்கலாங்க" என்றேன். பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கலர் கலக்கும் நோட்டில் நம்பரைக் குறித்துவைத்து, ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். இருட்டோடு நீல மொபெட்டில் பால் கேனோடு போன ஒருவரை ஒரு வண்டி இடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. டீக்கடை போடும் அம்மா பார்த்திருக்கிறார். அவரால் சொல்ல முடிந்தது, "செவப்புக் காருங்க" என்ற ஒன்றுதான். அந்தச் சொல்லையும் என் நோட்டையும் பம்பரில் இருந்த நீலப் பொடியையும் வைத்துத்தான் வண்டியைப் பிடித்தார்கள். பால்காரருக்குக் கால் முறிந்திருந்தது; உயிர் பிழைத்தார்.

நம்பர் பிளேட் இருக்கிறதே, கேமரா இருக்கிறதே என்பார்கள். அடிபட்டு ரோட்டில் கிடப்பவர் நம்பரைப் படிப்பாரா? இருட்டில், வேகத்தில் கண்ணில் பதிவது நிறம்தான். இதில் பணமும் இருக்கிறது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், அவ்வளவுதான். வண்டி தெரிந்தால் இன்சூரன்ஸ் இருக்கிறது, வழக்குப் போடலாம், வயதையும் வருமானத்தையும் பார்த்து இழப்பீடு கிடைக்கும். ஒரு குடும்பம் பிழைப்பதும் நொடிப்பதும் "செவப்பு" என்ற அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

ஒரு காரின் நிறத்தை ஒழுங்காக மாற்ற எங்களுக்குக் குறைந்தது ஒரு வாரம் ஆகும். கண்ணாடி, பீடிங், கைப்பிடி எல்லாம் கழற்றி, தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர், கலர், கிளியர் கோட் என்று அடித்து முடித்தாலும், கதவைத் திறந்தால் எங்காவது ஒரு மூலையில் பழைய நிறம் தெரியும். நாலு பேர் கை படும், நாலு பேர் கண்ணில் படும். அந்த நாலு பேரில் ஒருவர் கேள்வி கேட்பார். பட்டனைத் தட்டினால் மாறும் வண்டியில் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

சட்டத்திலும் நிறத்துக்கு இடம் இருக்கிறது. ஆர்.சி.யில் நிறம் எழுதியிருக்கிறது. ராணுவ வண்டி தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 121. எந்த நிறத்துக்கும் மாறுகிற வண்டி வந்தால் இந்த விதியை யார், எந்த நேரத்தில், எப்படிப் பிடித்துச் சோதிப்பது? ஒரே நம்பரில் இரண்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கவும் நிறம் உதவுகிறது.

வெயிலில் வெள்ளையாக மாறிக்கொண்டால் வண்டியில் சூடு குறையும் என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கறுப்பு வண்டியை மே மாதம் வெளியில் நிறுத்தினால் பானெட்டில் கை வைக்க முடியாது, எங்களுக்குத் தெரியாததா? ஆனால் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியதும் வெயிலுக்கென்றுதான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போவது குற்றத்துக்கு வசதியாகிறது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. எனவே நான் கேட்பது இதுதான்: நிறுத்திவைத்திருக்கும்போது வெள்ளையாக மாறிக்கொள்ளட்டும். சாவியைப் போட்டதும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்துக்குத் தானாகத் திரும்ப வேண்டும். ஓடும்போது மாறவே கூடாது. அந்தப் பூட்டை ஓனரோ மெக்கானிக்கோ கழற்ற முடியாது என்று வண்டிகளைச் சோதிக்கும் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இடத்தில் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்று இல்லாத வண்டிக்கு அனுமதியே வேண்டாம்.

இன்னொன்று, இது இன்றைக்கே நடப்பது. ஸ்டிக்கர் ராப்பிங் கடைகளில் இரண்டு மூன்று நாளில் வண்டியின் நிறத்தையே மாற்றிக் கொடுக்கிறார்கள். தொழிலில் இருக்கும் தம்பிகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஆர்.சி. நகல் ஒன்றை வாங்கி, வண்டி நம்பர், பழைய நிறம், புது நிறம், தேதி என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடிபட்ட வண்டி வந்தால் அடிபட்ட இடத்தைப் போட்டோ எடுங்கள். எங்கள் பட்டறையில் அந்தக் கார்த்திகை மாதத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம். இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது.

இப்படிக்கு,
ஒரு கார் பெயிண்டர்,
சிங்காநல்லூர், கோவை.